பாதிரியார் அடித்த வரிகள்

திர்சா கேத்தர்கோல் பதிமூன்று வயதில் பாதிரியார் டாலிங்கின் வீட்டு வேலைக்குப் போன முதல் நாளே அவள் பெயரைப் பறித்துக்கொண்டார்கள். பாதிரியாரின் மனைவி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"திர்சாவா? வேலைக்காரிக்கு எதுக்கு இப்படி ஒரு பேரு? இங்க நீ மேரி. உனக்கு முன்னாடி இருந்தவளும் மேரிதான். எங்களுக்கும் சுலபம்."

மூன்று வருஷம் அவள் மேரியாக இருந்தாள். நடைவழியில் வீட்டுக்காரர்கள் எதிரே வந்தால் வேலைக்காரி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தின் பூவும் கொடியும் அவளுக்கு மனப்பாடம். பாதிரியாரின் முகத்தைவிட அந்தப் பூக்களைத்தான் அவள் அதிகம் பார்த்திருந்தாள். அம்மா இறந்தபோது அடக்கத்துக்குப் போக ஒரு நாள் விடுப்புக் கேட்டாள். அரை நாள் கொடுத்தார்கள். போனவள் திரும்பி வரவில்லை.

சந்தை நகரத்தில் பெட்டிங்கேல் என்பவரின் அச்சுக்கூடத்தில் தரை பெருக்கச் சேர்ந்தாள். மெதடிஸ்ட் சபையின் ஞாயிறு பள்ளி அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்திருந்தது. ஒருநாள் மூலப்பிரதி வாசிக்கிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட, பெட்டிங்கேல் வேறு வழியில்லாமல் ஒரு தாளை அவள் கையில் திணித்தார். அவள் எங்கும் தடுக்காமல் வாசித்து முடித்தாள். ஆணுக்குக் கொடுக்கிற கூலியில் பாதி கொடுத்தால் போதும் என்பதால் பெட்டிங்கேல் பழைய ஆளைத் திரும்பக் கூப்பிடவே இல்லை.

வேலை இதுதான். எழுதியவரின் கையெழுத்துப் பிரதியை அவள் உரக்க வாசிக்க வேண்டும். எதிரே பிழைதிருத்துகிற லஷர், அச்சான ப்ரூஃப் தாளில் விரலை ஓட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பார். கமா, ஃபுல்ஸ்டாப், பெரிய எழுத்து, சாய்ந்த எழுத்து எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். விலைப்பட்டியல், விவசாயக் கண்காட்சி அறிக்கை, இரங்கல் பா, பன்றிகளுக்கு வரும் காய்ச்சலுக்கு மருந்து என்று பத்து வருஷமாக அவள் வாசிக்காதது இல்லை. இங்கிலாந்தில், நார்ஃபோக் மாவட்டத்தின் அந்த மூலையில் அவ்வளவு வாசித்த பெண் வேறொருத்தி இருந்திருப்பாளா என்பது சந்தேகம். தொண்டை கம்மினால் லஷர் ஒரு பெப்பர்மின்ட் கொடுப்பார். நல்ல மனிதர். ஐந்து பிள்ளைகள். யார் குரல் உயர்ந்தாலும் முதலில் கதவைப் பார்ப்பார்.

அவள் அப்பா ஜேபஸ், ஒரு பண்ணையில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். குடியிருந்த வீடு பண்ணைக்காரருடையது. வேலை இருக்கிறவரை வீடு உண்டு. வேலை போனால் வீடும் போகும். 1874 வசந்தத்தில் கூலிக்காரர்கள் சங்கம் வைத்துக் கூலி உயர்த்திக் கேட்டார்கள். பண்ணைக்காரர்கள் எல்லோரும் ஒன்று கூடி, சங்கத்தில் இருப்பவனுக்கு வேலை இல்லை என்று கதவை அடைத்துவிட்டார்கள். ஜேபஸ் தொப்பியில் சங்கத்தின் நீல ரிப்பனைக் குத்திக்கொண்டார். ஒரு வாரம் கழித்துப் பண்ணை ஆட்கள் வந்து கட்டில், மேசை, கெட்டில் எல்லாவற்றையும் பாதையில் தூக்கி வைத்துவிட்டு வீட்டைப் பூட்டினார்கள். அன்று நல்ல மழை. ஜேபஸ் கொஞ்ச நேரம் நனைந்துகொண்டே நின்றார். பிறகு கோடரியைத் திருப்பிப் பிடித்துப் பூட்டை உடைத்து, மனைவி உயிர் விட்ட அந்தக் கட்டிலை மறுபடி உள்ளே கொண்டுபோய்ப் போட்டார். சாயங்காலம் காவலர் வந்தார்.

மாஜிஸ்திரேட் யார் என்றால் அதே பாதிரியார் டாலிங்தான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடை, வியாழக்கிழமை நீதிமன்ற மேடை. திர்சா அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்ப் பின்வரிசையில் நின்றாள்.

"பூட்டை ஒடச்சியா?"

"ஒடச்சேங்க அய்யா."

"ஏன்?"

"கட்டில் நனையுதுங்க அய்யா."

"வீடு உன்னோடதா?"

"இல்லீங்க. முப்பது வருஷமா இருந்தேன்."

"முப்பது வருஷம் இருந்தா உன்னோடது ஆயிடுமா? நீ சர்ச்சுல எத்தனை வருஷம் உக்காந்திருக்க? அது உன்னோடதா?" கூட மேடையில் இருந்த மற்ற மாஜிஸ்திரேட்டுகள் சிரித்தார்கள். டாலிங்கும் சிரித்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார். "ஊரைக் கெடுக்குற வில்லன் நீ. சங்கமாம் சங்கம். இருபத்தொரு நாள், கடுங்காவல்."

"நன்றிங்க அய்யா" என்றார் ஜேபஸ்.

ஐம்பது வருஷப் பழக்கம். அய்யா எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிற வாய். அவராகச் சொல்லவில்லை, வாய் சொன்னது. தண்டனையைவிட, வில்லன் என்ற வசவைவிட, அந்த நன்றிதான் திர்சாவைச் சுட்டது. அச்சுக்கூடத்துக்குத் திரும்பும் வழி முழுக்க அவள் பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தாள். மறுநாள் தாடை வலித்தது.

ஜேபஸ் சிறையில், கைதிகளுக்குக் கொடுக்கிற பழைய கப்பல் கயிற்றை நாராகப் பிரித்துக்கொண்டிருந்த மூன்றாம் வாரத்தில் ஒரு கையெழுத்துப் பிரதியின் முதல் ப்ரூஃப் அவர்கள் மேசைக்கு வந்தது. கிராமப் பள்ளிகளுக்கான சிறு புத்தகம். பட்டங்களும் படிநிலைகளும் சம்பந்தப்பட்ட சொற்கள் எங்கிருந்து வந்தன, அவற்றின் பொருள் என்ன என்று விளக்குவது. எழுதியவர் டாலிங். ஊதா மை, சாய்ந்த கையெழுத்து. மளிகைச் சீட்டுகளில் மூன்று வருஷம் பார்த்த கையெழுத்து.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் லஷர்.

திர்சா வாசித்தாள். முன்னுரை இப்படித் தொடங்கியது. "மொழி பொய் சொல்லாது, ஃபுல்ஸ்டாப். உயர்குடிப் பிறந்தோரைக் குறித்த சொற்கள் காலப்போக்கில் நற்குணத்தின் பெயர்களாயின, கமா, தாழ்ந்தோரைக் குறித்த சொற்கள் தீக்குணத்தின் பெயர்களாயின, ஃபுல்ஸ்டாப். இது எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று, அரைப்புள்ளி, அவரவர் நடத்தையைக் கண்டு மொழியே வழங்கிய தீர்ப்பு, ஃபுல்ஸ்டாப்."

நான்காவது பக்கத்தில் அந்தச் சொல் வந்தது.

"வில்லன், பெரிய எழுத்து. பழங்காலத்தில் பிரபுவின் பண்ணையைச் சேர்ந்த உழவன், ஃபுல்ஸ்டாப்."

நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா?" என்றார் லஷர்.

"ஒண்ணுமில்ல."

பண்ணையில் பாடுபட்டவன், மண்ணை விட்டுப் போக உரிமையில்லாதவன். அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். அவன் எதையும் திருடவில்லை, யாரையும் கொல்லவில்லை. ஏர் பிடித்தான். கதை எழுதினவர்களும் சட்டம் எழுதினவர்களும் பண்ணைக்குச் சொந்தக்காரர்களாக இருந்தார்கள். அதனால் ஏர் பிடித்தவனின் பெயர் கொலைகாரனின் பெயராகிவிட்டது. மேடையில் உட்கார்ந்து அப்பாவை வில்லன் என்று சொன்னபோது டாலிங்குக்கு இது தெரியும். தெரிந்துதான் சொன்னார். இங்கே மையில் எழுதி வைத்திருக்கிறாரே.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது. பிரதியில் பல இடங்களில் டாலிங் எழுதிய வரிகளை அவரே குறுக்குக் கோடு போட்டு அடித்திருந்தார். அச்செழுத்துகளை அடுக்குகிற கம்பாசிட்டர் அவற்றைக் கோக்கவில்லை. திர்சாவும் அவற்றை வாசிக்கக் கூடாது. ஆனால் கோட்டுக்குக் கீழே எழுத்து தெளிவாகத் தெரிந்தது. லேடி என்ற சொல்லுக்குக் கீழே, 'ரொட்டி மாவு பிசைகிறவள் என்பதே ஆதிப் பொருள்' என்று எழுதி அடித்திருந்தார். லார்டு என்ற இடத்தில் 'ரொட்டியைக் காப்பவன்' என்றிருந்த வரி அடிக்கப்படாமல் நின்றது. சர்ல் என்றால் இன்று முரட்டு நாட்டுப்புறத்தான். அங்கே 'ஆதியில் அடிமையல்லாத சுதந்திர மனிதன்' என்ற வரிக்குக் குறுக்கே கோடு. சர் பட்டம் பெறுகிற நைட், அயோக்கியன் என்று பொருள்படுகிற நேவ், இரண்டையும் அடுத்தடுத்து எழுதியிருந்தார். நேவுக்கு நேரே 'முன்பு, பையன்' என்றிருந்தது; அதை விட்டுவைத்திருந்தார். நைட்டுக்கு நேரே 'முன்பு, பையன், ஏவலாள்' என்றிருந்தது. அதை மட்டும் இரண்டு முறை அழுத்தி அடித்திருந்தார். ஓரத்தில் சிறு குறிப்பு: 'பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை.'

இரண்டு பையன்கள். ஒருவன் பிரபுவின் குதிரையைப் பிடித்துக்கொண்டு போருக்குப் போனான், மரியாதைக்குரியவன் ஆனான். இன்னொருவன் பிரபுவின் பாத்திரத்தைத் தேய்த்தான், அயோக்கியன் ஆனான். மொழி தீர்ப்பு வழங்கியதாம். தீர்ப்புக்கு எதிரான சாட்சியத்தையெல்லாம் ஊதா மையால் அடித்துவிட்டுத்தான் அந்தத் தீர்ப்பை வாசிக்கிறார்.

அன்று மதியம் லஷர் ரொட்டியும் உப்பு மீனும் சாப்பிட வெளியே போனார். திர்சா சாப்பிடவில்லை. அடித்த சொல் அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல அச்சுக்கூடத்தில் ஒரு குறி உண்டு. சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். அவள் பென்சிலை எடுத்து, அடித்த வரிகள் ஒவ்வொன்றின் கீழும் புள்ளி வைத்தாள். மொத்தம் பதினேழு இடம்.

லஷர் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பக்கங்களை மறுபடி எடுத்தாள். "லேடி, பெரிய எழுத்து. ரொட்டி மாவு பிசைகிறவள் என்பதே ஆதிப் பொருள், ஃபுல்ஸ்டாப்."

லஷரின் விரல் நின்றது. "இங்க அப்படி ஒரு வரி இல்லையேம்மா."

"பிரதியில இருக்கு. கம்பாசிட்டர் விட்டுட்டாரு."

அவர் பிரதியைக் கேட்டு வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டாலிங் எழுதியதெல்லாம் ஊதா மை. புள்ளிகள் மட்டும் சாம்பல் நிறப் பென்சில். ஒரு பிள்ளைகூட ஏமாறாது. அவர் பிரதியைக் கீழே வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவைப் பார்த்தார்.

"திர்சா, உங்க அப்பா என்னிக்கு வெளிய வர்றாரு?"

"வர்ற புதன்கிழமை."

"ம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ப்ரூஃப் ஓரத்தில், 'விடுபட்டது, பிரதி பார்க்க' என்று எழுதினார். "அடுத்தது வாசி."

டாலிங் அந்தச் சமயம் மூட்டு வலிக்காக பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போயிருந்தார். திருத்திய ப்ரூஃப் தனக்கு அனுப்ப வேண்டாம், அறுவடை முடிந்து பள்ளி திறப்பதற்குள் புத்தகம் தயாராக வேண்டும் என்று எழுதியிருந்தார். ஆகஸ்டில் புத்தகம் அச்சாகிக் கட்டப்பட்டு, எட்டுப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு கிராமப் பள்ளியில் பரிசளிப்பு. அந்த வட்டாரத்துப் பெரிய நிலக்காரரின் மனைவி லேடி ஹாவர்கேட் பரிசு கொடுக்க வந்திருந்தாள், டாலிங் பக்கத்தில். தச்சரின் எட்டு வயது மகள் எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்ததைக் கணீரென்று ஒப்பித்தாள். லேடி என்றால் மாவு பிசைகிறவள், நைட் என்றால் ஏவல் பையன், சர்ல் என்றால் சுதந்திர மனிதன். பின்வரிசைத் தாய்மார்களில் யாரோ களுக்கென்று சிரிக்க, வரிசை முழுதும் தொற்றிக்கொண்டது. லேடி ஹாவர்கேட் தன் வெள்ளைக் கையுறையைப் பார்த்துக்கொண்டாள்.

டாலிங் மறுநாள் காலையிலேயே அச்சுக்கூடத்துக்கு வந்துவிட்டார். பிரதியை மேசைமேல் விரித்துப் போட்டுக் கைத்தடியால் தட்டினார். பெட்டிங்கேலின் முகத்தில் ரத்தம் இல்லை.

"இந்தப் புள்ளிய வச்சது யாரு?"

லஷர் தரையைப் பார்த்தார். திர்சா அவரைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

"நான்தான் அய்யா" என்றாள்.

"நீ யாரு?"

"உங்க வீட்டுல மூணு வருஷம் வேலை பார்த்தேன். மேரின்னு கூப்பிட்டீங்க. என் பேரு திர்சா கேத்தர்கோல்."

அந்தக் குடும்பப் பெயர் அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "ஓ. அந்தப் பூட்டு ஒடச்சவனோட பொண்ணா. அதான் பழி வாங்கியிருக்க. என் புத்தகத்துல பொய்ய நுழைச்சு."

"எந்த வரி பொய்யி அய்யா? சொல்லுங்க. எல்லாம் நீங்க எழுதினதுதான். அதுல ஒரு எழுத்துகூட என்னோடது இல்ல. நீங்க போட்ட கோட்ட மட்டும்தான் நான் எடுத்தேன்."

"வாய மூடு" என்றார் பெட்டிங்கேல்.

"மூடத்தான் போறேன், இவரு பதில் சொல்லட்டும். வில்லன்னா பண்ணையில பாடுபடுறவன்னு வீட்டுல உக்காந்து எழுதுறீங்க. கோர்ட்டுல எங்க அப்பாவ அந்தப் பேராலேயே திட்டுறீங்க. அப்ப அவரு பண்ணையில பாடுபட்டதுக்கா இருபத்தொரு நாளு?"

"உன்ன ஜெயிலுக்கு அனுப்புவேன்."

"அனுப்புங்க. எந்தெந்த வரிக்குக் கீழ புள்ளி வச்சேன்னு கோர்ட்டுல படிச்சுக் காட்டணும்ல? நானே படிக்கிறேன். படிக்கிறதுதான் என் வேலை."

டாலிங்கின் கைத்தடி அந்தரத்தில் நின்றது. பெட்டிங்கேல் அவரைச் சன்னலோரம் அழைத்துப்போய் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். நீதிமன்றத்தில் அந்த வரிகள் உரக்க வாசிக்கப்பட்டால் நார்ஃபோக் முழுக்கப் பத்திரிகைகள் போடும். லேடி ஹாவர்கேட்டும் படிப்பாள். டாலிங் அதற்குப் பிறகு திர்சாவின் பக்கம் திரும்பவே இல்லை. எட்டுப் பள்ளிகளிலிருந்தும் புத்தகங்களைத் திரும்ப வாங்கி, பக்கங்களைக் கிழித்து வேறு பக்கம் ஒட்டித் தர வேண்டும் என்று உத்தரவிட்டுவிட்டுப் போனார். திர்சாவை அந்த நிமிஷமே வெளியே அனுப்பினார்கள். படியிறங்கும்போது லஷர் பின்னாலேயே வந்து அவள் கையில் பெப்பர்மின்ட் பொட்டலத்தை வைத்தார். அவள் அதை அங்கேயே படிமேல் வைத்துவிட்டுப் போனாள். ஐந்து பிள்ளைகள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மன்னிக்க மனம் வரவில்லை.

அப்பாவாவது பெருமைப்படுவார் என்று நினைத்தாள். ஜேபஸ் அவள் வாடகை அறையில், அடுப்பின் பக்கம் உட்கார்ந்திருந்தார். சிறையில் கயிறு பிரித்த விரல்நகங்கள் இன்னும் சரியாகவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "உனக்கென்ன பைத்தியமா புள்ள?" என்றார்.

"அப்பா, அந்த ஆளு உங்கள..."

"என்னத்தான் சொன்னான். நான் கேட்டுக்கிட்டேன். உன்னயா சொன்னான்? எனக்கு வேலையும் இல்ல, வீடும் இல்ல. உன் ஒருத்தி வேலையிலதான் ரெண்டு வாயும் ஓடுது. ஒரு சொல்லுக்காக அதத் தூக்கி எறிஞ்சிட்டு வந்திருக்க."

"அந்த ஒரு சொல்ல வச்சுத்தாம்ப்பா உங்கள உள்ள தள்ளுனாங்க."

"பூட்ட ஒடச்சதுக்குத் தள்ளுனாங்க" என்றார் ஜேபஸ். திர்சாவுக்கு டாலிங்மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி அப்பாமேல் திரும்பியது. அந்த ஆத்திரத்துக்காகத் தன்மேலும் ஆத்திரம் வந்தது.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருவருக்குமே யாரும் வேலை தரவில்லை. அக்டோபரில் கட்டிலை விற்றுவிட்டு நாரிச் நகரத்துக்குப் போனார்கள். ஜேபஸ் பீர் வடிக்கிற ஒரு ஆலையில் வண்டிக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டார். குதிரைகளோடு சந்தோஷமாகவே இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஏழு வருஷம் கழித்து நெஞ்சில் சளி கட்டி இறந்தார். டாலிங்கைப் பற்றியோ புத்தகத்தைப் பற்றியோ அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே ஒருமுறை, தெருவில் சண்டை போட்ட இரண்டு வண்டிக்காரர்களில் ஒருவன் இன்னொருவனை வில்லன் என்று திட்ட, ஜேபஸ் அவன் சட்டையைப் பிடித்து, "அப்படிச் சொல்லாதடா" என்று உலுக்கிவிட்டு வந்ததாகக் குதிரை லாயத்து ஆட்கள் சொன்னார்கள். திர்சா அதை நம்பினாளா என்று தெரியாது. அப்பாவிடம் கேட்கவில்லை.

நாரிச்சில் பெரிய அச்சுக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதலில் வாசித்தாள். பத்து வருஷத்தில் எதிர்நாற்காலிக்கு மாறி, அவளே பிழை திருத்தினாள். லத்தீன் மேற்கோள்களில் உள்ள பிழைகளைக்கூடக் கண்ணாலேயே பிடித்துவிடுவாள் என்று பெயர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுபாவம் கடுமை என்றார்கள், அவளும் மறுக்கவில்லை.

1899இல், ஐம்பத்தோராவது வயதில், கூலிப் பதிவேட்டை முதல்முறையாக அவள் கண்ணால் பார்க்க நேர்ந்தது. குமாஸ்தா கவனக்குறைவாக அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தான். அவள் பெயருக்கு நேரே தொழில் என்ற கட்டத்தில் 'பெண்பிள்ளை' என்று எழுதியிருந்தது. கீழே இன்னும் பதினோரு பெண்கள். எல்லோரும் பெண்பிள்ளை. பக்கத்தில் பத்தொன்பது வயது ஆண் ஒருவனுக்கு, அவளிடம்தான் வேலை கற்றவன், 'ப்ரூஃப் ரீடர்' என்றிருந்தது.

"இது என்ன?"

"அது வழக்கம்ங்க மிஸ். பெண்கள் எல்லாரையும் அப்படித்தான் போடுவோம். வெறும் வார்த்தைதானே."

"வெறும் வார்த்தைன்னா, மாத்துறதுக்கு உனக்கு என்ன கஷ்டம்?"

அவன் சிரித்து மழுப்பினான். அவள் கூலியை வாங்காமல் மேசைக்குத் திரும்பினாள். அடுத்த சனிக்கிழமையும் வாங்கவில்லை. வேலை மட்டும் வழக்கம்போல் நடந்தது. ஒரு கமா தப்பவில்லை. மேலாளர் கூப்பிட்டு நயமாகப் பேசினார், பிறகு மிரட்டினார். அவள் மறுபடி மறுபடி ஒன்றையே சொன்னாள். "நான் ஐம்பத்தொரு வயசுப் பிழைதிருத்துறவ. பெண்பிள்ளைன்னு எழுதுறது பிழை. உங்க பதிவேட்டுல பிழை இருக்கு." அந்த மாதம் ஒரு பேராயரின் பிரசங்கத் தொகுப்பு, கிரேக்கமும் லத்தீனுமாக, அவள் மேசையில் பாதியில் கிடந்தது. அவளை அனுப்பிவிட்டால் அதை முடிக்க ஆளில்லை. மூன்றாம் சனிக்கிழமை கட்டத்தில் 'ப்ரூஃப் ரீடர்' என்றிருந்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டு, "மத்த பதினோரு பேரு?" என்றாள்.

அதற்கு அடுத்த ஈஸ்டர் வரை ஆனது. ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு சனிக்கிழமையாக. அந்தப் பெண்களிலேயே சிலர் அவளைத் திட்டினார்கள். வேலைக்கு ஆபத்து என்று பயந்தார்கள். கடைசிப் பெயரும் மாறிய அன்று பக்கத்து மேசைப் பெண், பயந்துகொண்டே, "இப்பவாவது கோபம் தணிஞ்சுதா மிஸ் கேத்தர்கோல்?" என்று கேட்டாள்.

திர்சா தொப்பியை ஊசி குத்திச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எங்க தணியும்? பைண்டிங் பிரிவுல இன்னும் நாப்பது பேரு இருக்காங்க."